கயிறு திரிப்பவருக்கு மருத்துவம் வைத்த பெயர்

ஒருவரைப் ‘பொய்யன்’ என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது. கோபம் தீர்ந்தது, அவ்வளவுதான். காரணமே இல்லாமல் நாள்தோறும் கதை கட்டுகிற ஒருவரோடு ஒரே வீட்டிலோ ஒரே அலுவலகத்திலோ காலம் தள்ளுகிறவர்களுக்கு அந்தச் சொல் ஒன்றுக்கும் உதவாது. அவர் பணத்துக்காகச் சொல்வதில்லை. திட்டிலிருந்து தப்பிக்கவும் சொல்வதில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு நட்டமும் வராத இடத்தில், உண்மை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்போது, நடக்காத ஒன்றை எடுத்து நீட்டுகிறார். கேட்பவருக்கு ஆத்திரத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்: இதை எதற்குச் சொன்னார்?

அந்த ‘எதற்கு’தான் நூறாண்டுக்கும் முன்னால் சில மனநல மருத்துவர்களையும் உறுத்தியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர்களில் ஒன்று மித்தோமேனியா. அந்தப் பெயர் எந்தப் பக்கம் விரலை நீட்டுகிறது என்று பார்த்துவிட்டால், இப்படிப்பட்டவரிடம் எப்படி நடந்துகொள்வது, எதைச் செய்யவே கூடாது என்பது பாதி விளங்கிவிடும்.

1891இல் அன்டோன் டெல்ப்ரூக் என்ற மருத்துவர் நோயாகிவிட்ட பொய்யைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஐந்து பேருடைய வரலாறுகள் வருகின்றன. முதலில் வருபவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஒரு வீட்டுப் பணிப்பெண். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அலைந்து திரிந்த காலத்தில் ஓரிடத்தில் ருமேனிய இளவரசி, இன்னோரிடத்தில் ஸ்பெயின் அரச குடும்பம், வேறோரிடத்தில் ஏழை மருத்துவ மாணவர், மற்றோரிடத்தில் ஒரு பிஷப்பின் பணக்காரத் தோழி. பட்டியலில் அந்த மூன்றாவது வேடத்தைக் கவனியுங்கள். இளவரசி என்றால் மரியாதை கிடைக்கும், பணக்காரத் தோழி என்றால் கடன் கிடைக்கும். ஏழை மாணவர் என்று சொல்லி என்ன வாரிக் கட்டிக்கொள்ள முடியும்? ஆதாயம் தேடிச் சொன்ன பொய் என்ற கணக்கு அங்கே இடறுகிறது.

டெல்ப்ரூக்குக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தப் பெண் சொன்னதைப் பொய் என்றும் முழுக்கச் சொல்ல முடியவில்லை, மனப்பிரமை என்றும் சொல்ல முடியவில்லை. கற்பனை, வீண்பெருமை, ஏமாற்று, பிரமை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. இருந்த பெயர் எதற்குள்ளும் அடங்காததால் புதிதாக ஒன்றைச் செய்தார்: சூடோலோஜியா ஃபன்டாஸ்டிகா. கிரேக்கத்தில் ‘ப்சூடோஸ்’ என்றால் பொய், ‘லோகோஸ்’ என்றால் பேச்சு. ‘ஃபன்டாஸ்டிகா’வின் வேர்ச்சொல்லுக்குக் கண்முன் தோன்றச் செய்தல் என்று பொருள். சொல்கிறவர் தான் சொல்வதைக் கண்ணால் பார்க்கிறார் என்பது அந்தக் கடைசித் துண்டில் இருக்கிறது. அந்த நூலின் தலைப்பில் வரும் ‘ஷ்விண்ட்லர்’ என்ற ஜெர்மன் சொல்லும் ஒரு சுவையான சொல். ஏமாற்றுக்காரர் என்று பொருள். ஆனால் அதே குடும்பத்துச் சொல்லான ‘ஷ்விண்டெல்’ தலைசுற்றலையும் குறிக்கும். இப்படிப்பட்டவரோடு ஆறு மாதம் பழகியவருக்கு இந்த இரண்டு பொருளும் ஏன் ஒரே இடத்தில் நிற்கின்றன என்று விளக்க வேண்டியதில்லை.

பிறகு 1905இல், பாரிஸ் காவல்துறையின் மனநலப் பிரிவில் பணியாற்றிய எர்னெஸ்ட் துப்ரே, பிரெஞ்சில் ‘மித்தோமனி’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அதுதான் மற்ற மொழிகளில் மித்தோமேனியா ஆனது. கிரேக்க ‘மித்தோஸ்’ தொடக்கத்தில் சொல், சொல்லப்பட்டது என்ற அளவில்தான் பொருள் தந்தது. கதை, புனைவு என்ற பொருள் பின்னால் ஏறியது. ‘மேனியா’ என்றால் பித்து, அடக்க முடியாத உந்துதல். திருட்டுப் பித்தைக் கிளெப்டோமேனியா என்றும் தீவைக்கும் பித்தைப் பைரோமேனியா என்றும் சொல்லும் அதே வரிசை இது. ஆக, இந்தப் பெயருக்குள் பொய் என்ற சொல்லே இல்லை. கதை இருக்கிறது, பித்து இருக்கிறது. தமிழில் ஒரு பெயர் வேண்டுமானால் ‘புனைவுப் பித்து’ என்பது பொருந்தும் என்பது என் எண்ணம். ‘பொய் நோய்’ என்று வைத்தால் துப்ரே விரல் நீட்டிய பக்கம் மறைந்துவிடுகிறது.

துப்ரே இதில் மூன்று வகை கண்டார். பெருமைக்காகப் புனைவது, பிறருக்குத் தீங்கு செய்யப் புனைவது, வக்கிர ஆசைக்காகப் புனைவது. குழந்தைகளிடம் கதை கட்டும் இயல்பு இருப்பது வளர்ச்சியில் ஒரு படிதான் என்றும் அவர் சொன்னார். பெரியவரான பிறகும் அது தணியாமல் வாழ்க்கையை நடத்திச் செல்லத் தொடங்கினால்தான் சிக்கல். 1915இல் வில்லியம் ஹீலியும் மேரி ஹீலியும் இதற்கு ஒரு வரையறை தந்தார்கள். இன்றுவரை பலரும் அதைத்தான் எடுத்தாள்கிறார்கள். அதன் சாரம் இவ்வளவுதான்: கண்ணுக்குத் தெரிகிற எந்தப் பயனுக்கும் பொருந்தாத அளவுக்குப் பெரிய பொய்; விரிவானதாகவும் சிக்கலானதாகவும் இருக்கலாம்; ஒருமுறை இருமுறை அல்ல, ஆண்டுக்கணக்கில் தொடர்வது; தெளிவான மனநோயோ அறிவுக் குறைபாடோ வலிப்பு நோயோ இல்லாதவரிடம் காணப்படுவது.

நம் பேச்சுத் தமிழும் இதில் சளைத்ததல்ல. பொய் என்ற சொல்லே எப்போதும் ஏமாற்றைக் குறிப்பதில்லை. மழை பொய்த்தது என்கிறோம்; மழை யாரையும் ஏமாற்றத் திட்டம் போடவில்லை, வர வேண்டியது வரவில்லை. பொய்ப்பல், பொய்க்கால், பொய்க்கோபம் என்கிறோம். இல்லாத ஒன்றின் இடத்தில் நிற்பது என்று பொருள். புளுகு என்றால் ஊதிப் பெருக்கியது. அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று அதற்கு அளவுகோலும் வைத்திருக்கிறோம். ஆனால் மித்தோமேனியாவுக்கு மிக அருகில் வரும் சொல்லாட்சிகள் நூல் குடும்பத்தில் இருக்கின்றன: கயிறு திரிக்கிறான், சரடு விடுகிறான், ரீல் விடுகிறான்.

கயிறு திரிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த உவமை எவ்வளவு துல்லியமானது என்று புரியும். கயிறு முழுவதும் ஓடுகிற ஒரே நார் என்று எதுவும் கிடையாது. கையளவு நாரை எடுத்து முறுக்குவார்கள். அது முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் அடுத்த பிடி நாரை வைத்து முறுக்குவார்கள். சேர்ந்த இடம் தெரியாது. முதல் நார் எப்போதோ முடிந்துவிட்டது. கயிறு மட்டும் நீண்டுகொண்டே போகும். இந்தக் கதைகளும் அப்படித்தான் உருவாகின்றன. முதல் பிடி பெரும்பாலும் உண்மை நார்.

ஒரு மாதிரிக் கதையைப் பாருங்கள். திங்கட்கிழமை ஒருவர் வேலைக்கு வந்ததும் சொல்கிறார்: “பஸ்ஸில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்துவிட்டார்.” இது நடந்ததுதான். பக்கத்து மேசைக்காரர் கேட்கிறார்: “அடடா, அப்புறம்?” “நான்தான் தண்ணீர் தெளித்தேன்.” தண்ணீர் தெளித்தது வேறொருவர். புதன்கிழமை இன்னொருவர் கேட்கிறார்: “அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார்?” “ஆஸ்பத்திரியில் நானே சேர்த்தேன். அவர் மகள் வந்து என் நம்பர் வாங்கிக்கொண்டாள்.” அடுத்த வாரம் மேலாளர் வரைக்கும் செய்தி போயிருக்கிறது. “நேற்று இரவு தவறிவிட்டாராம். வீட்டில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.” நாளை விடுப்பு. விடுப்பு எடுத்த அன்று அவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார்.

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். திங்கட்கிழமை அவர் தாமதமாக வரவில்லை; எந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. இரண்டாவது, ஒவ்வொரு புது நாரும் யாரோ ஒருவர் ‘அப்புறம்?’ என்று கேட்டபோதுதான் சேர்ந்தது. மூன்றாவது, விடுப்பு ஆதாயம் அல்ல. கதை அவரை அங்கே தள்ளிக்கொண்டு போனது. இறந்தவர் வீட்டுக்குப் போகாமல் மறுநாள் வேலைக்கு வர முடியாத நிலைக்கு அவரே தன்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். விடுப்புக்காகத்தான் பொய் சொன்னார் என்று மேலாளர் முடிவு கட்டினால், தண்டனை தருவார். தண்டனைக்குப் பிறகு அடுத்த கதை இன்னும் கவனமாகக் கட்டப்படும்.

இது எவ்வளவு பரவலானது என்ற கேள்வி வரும். எல்லோரும்தானே பொய் சொல்கிறார்கள் என்பது பொதுவான பேச்சு. எண்ணிக்கை அப்படிச் சொல்லவில்லை. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 1,000 அமெரிக்கர்களிடம் கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். சுமார் 60 சதவீதம் பேர் ஒன்றுகூட இல்லை என்றார்கள். சொல்லப்பட்ட பொய்களில் பாதியளவு வெறும் 5 சதவீதம் பேரிடமிருந்து வந்தன. 2020இல் வெளியான வேறோர் ஆய்வில் 623 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர், தாங்களே நோய்போல ஓயாமல் பொய் சொல்கிறவர் என்றோ பிறர் தங்களை அப்படிச் சொல்கிறார்கள் என்றோ தெரிவித்தார்கள். நாளுக்குச் சராசரியாகச் சுமார் 10 பொய். தொடக்கம் பெரும்பாலும் பதின்பருவத்தில். 1988இல் 72 நோயாளிகளின் வரலாறுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்விலும் தொடங்கிய வயது சராசரியாக 16 என்று வந்தது. ஆண் பெண் வேறுபாடு இல்லை. 40 சதவீதம் பேருக்கு மூளை நரம்பு தொடர்பான ஏதோவொரு பழைய பாதிப்பு இருந்தது. இத்தனைக்கும் மனநோய்களை வகைப்படுத்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில் இதற்குத் தனி நோய் என்ற இடம் இல்லை. சமூக விரோத ஆளுமைக் கோளாறின் அடையாளங்களில் ஒன்றாக ஏமாற்றுக்குணம் வருகிறது, அவ்வளவுதான். எனவே மருத்துவர் சீட்டில் ‘மித்தோமேனியா’ என்று எழுதித் தருவார் என எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பெயரை ஒருவர்மேல் ஒட்டுவதற்கு முன்னால் வேறு சிலவற்றைத் தள்ளிவிட்டாக வேண்டும். இங்கேதான் குடும்பங்கள் அதிகம் தவறுகின்றன, அந்தத் தவறுக்கு விலையும் அதிகம்.

அறுபது எழுபது வயதில், அதுவரை நேர்மையாக இருந்தவர் திடீரென்று நடக்காததைச் சொல்லத் தொடங்கினால் அது பொய்யாக இருக்க வாய்ப்பு குறைவு. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாகவே ஏதோ ஒன்றால் அடைக்கிறது. சொல்பவருக்கு அது நடந்ததாகவே தோன்றும். 1880களில் ரஷ்ய மருத்துவர் செர்கேய் கோர்சகாஃப் விவரித்த, அவர் பெயராலேயே இன்று வழங்கும் நோய்க்கூட்டம் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. தயமின் எனப்படும் பி1 வைட்டமின் கடுமையாகக் குறைவதால் வருவது. நீண்டகாலம் அதிகம் குடித்தவர்களிடம் கூடுதலாகக் காணப்படும். இங்கே தாமதம் கூடாது. நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் விசாரணை நடத்துவதில் ஒரு பயனும் இல்லை. தலையில் அடிபட்ட பிறகு குணம் மாறியவருக்கும், நடு வயதில் கூச்சம் மரியாதை எல்லாம் போய்ப் பேச்சும் நடத்தையும் மாறியவருக்கும் இதே வழிதான்.

தூக்கம் வெகுவாகக் குறைந்து, பேச்சு வேகமெடுத்து, சில வாரங்களுக்கு மட்டும் ‘நான் பெரிய ஆள்’ என்ற கதைகள் வந்து பிறகு அடங்கினால், அது இருமுனை மனநோயின் எழுச்சிக் கட்டமாக இருக்கலாம். அதையும் மேனியா என்றுதான் சொல்வார்கள். மித்தோமேனியாவின் மேனியாவுக்கும் அதற்கும் பெயரளவு உறவு மட்டுமே. அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

மனப்பிரமை உள்ளவர் ஆதாரத்தைக் கண்டால் அசையமாட்டார். புனைவுப் பித்து உள்ளவர் அசைவார்: கதையை மாற்றுவார், வேறொரு கிளைக்குத் தாவுவார், சில சமயம் ஒப்புக்கொண்டும் விடுவார். நேரே கேட்டால் தனக்குள் தெரிகிறது. கேட்காதவரை தெரியாததுபோல் வாழ்கிறார். பிரமைக்கும் பொய்க்கும் நடுவில் என்று டெல்ப்ரூக் சொன்னது இந்த இடத்தைத்தான்.

மோசடிக்காரரைப் பிரித்தறிவது எளிது. அவர் கதையின் ஒவ்வொரு கிளையும் ஏதாவது ஒரு பையில் போய் முடியும். நோயாளியாக நடிப்பது இன்னொரு வகை. 1951இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற மருத்துவர், மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் இல்லாத நோயைச் சொல்லி அறுவை சிகிச்சைவரை செய்துகொள்பவர்களைப் பற்றி எழுதி, அதற்கு முன்சௌசன் என்று பெயர் வைத்தார். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ஜெர்மன் பிரபுவின் பெயர் அது. அவர் பெயரில் 1785இல் வெளியான ஆகாசப்புளுகுக் கதைகளால் புகழ் பெற்றது. அந்தப் பிரபு எந்த மருத்துவமனையிலும் போய்ப் படுத்தவரல்ல, பாவம். தன் உடம்பைத் தவிர்த்து ஒரு குழந்தையின் உடம்பில் நோயைக் கற்பிப்பவரும் உண்டு. அங்கே பொறுமைக்கு இடமில்லை; குழந்தையின் மருத்துவரிடம் நேரடியாகச் சொல்லியாக வேண்டும்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தை கற்பனைத் தோழனைப் பற்றிப் பேசினால் கவலைப்பட ஒன்றுமில்லை.

இனி, அன்றாடம் என்ன செய்வது? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையை முதலில் விட வேண்டும். கண்ணைப் பார்க்காமல் பேசினால் பொய், மூக்கைச் சொறிந்தால் பொய் என்பதெல்லாம் வீண். 2006இல், 24,000க்கும் மேற்பட்டோர் பொய்யைக் கண்டுபிடிக்க முயன்ற முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னது 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். நாள்தோறும் கதை கட்டிப் பழகியவரிடம் தடுமாற்றத்தை எதிர்பார்ப்பது இன்னும் வீண். 2016இல் வெளியான மூளை ஆய்வு ஒன்று, தன் ஆதாயத்துக்காகத் திரும்பத் திரும்பப் பொய் சொல்லும்போது உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலா பகுதியின் எதிர்வினை படிப்படியாக மங்குவதையும், பொய்யின் அளவு வளர்வதையும் காட்டியது. முகத்தில் தெரிய வேண்டியது உள்ளேயே மங்கிவிடுகிறது.

முகத்துக்குப் பதிலாகத் தாளை நம்புங்கள். ஒரு குறிப்பேடு, அதில் நான்கு கட்டம்: தேதி, அவர் சொன்ன வாக்கியம் அப்படியே, உடன் கேட்டவர், சரிபார்க்க முடிந்தது எது. உங்கள் கருத்தை எழுத வேண்டாம். ‘மறுபடியும் பொய் சொன்னான்’ என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அது எதற்கும் பயன்படாது. ‘14ஆம் தேதி: “ஆஸ்பத்திரியில் நானே சேர்த்தேன்.” இருவர் கேட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை’ என்று எழுதுங்கள். நான்கு வாரம் போதும். இதை எதற்கு எழுதுகிறோம் என்றால், அவரை மடக்குவதற்கு அல்ல. உங்கள் புத்தி உங்கள் கையை விட்டுப் போகாமல் இருப்பதற்கு. நாள்தோறும் மாறும் கதைகளுக்கு நடுவில் வாழ்பவர் ஒரு கட்டத்தில் தன் நினைவையே சந்தேகிக்கத் தொடங்குவார். அந்தச் சந்தேகம்தான் உடன் வாழ்பவருக்கு ஏற்படும் மிகப் பெரிய சேதம். குறிப்பேட்டை அவர் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது, சண்டையில் எடுத்து வாசிக்கவே கூடாது.

நான்கு வார முடிவில் பார்த்தால் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியும். புது ஆள் வந்த அன்று கதைகள் கூடியிருக்கும். யாரோ புகழப்பட்ட அன்று, தான் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்த அன்று கூடியிருக்கும். தனியாக இருவர் மட்டும் வேலை செய்த நாட்களில் குறைந்திருக்கும். மருத்துவரிடம் போகும்போது இந்த ஒழுங்குதான் விலைமதிப்பற்றது.

அடுத்தது, உங்களைக் காத்துக்கொள்ளும் விதி: பணம், கையெழுத்து, மருந்து, பயணம் ஆகிய நான்கும் அவர் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து நகரக் கூடாது. சரிபார்ப்பது தனி வழியில் இருக்க வேண்டும். மருத்துவமனையில் இருக்கிறேன் என்றால், அவர் தந்த எண்ணுக்கு அல்ல, நீங்களே தேடி எடுத்த எண்ணுக்கு அழையுங்கள். ஃபீஸ் கட்ட வேண்டும் என்றால் பணத்தை அவர் கையில் தராமல் கட்ட வேண்டிய இடத்தில் நேரே கட்டுங்கள். இதை அவருக்கு மட்டும் என்று வைத்தால் அவமானம். வீட்டில் எல்லோருக்கும் பொது விதியாக வைத்தால் யாருக்கும் முள்ளாகக் குத்தாது.

அன்றாடச் சின்னக் கதைகளுக்கு ஆயுதமே தேவையில்லை. ‘அப்புறம்?’ என்று கேட்பதை நிறுத்தினாலே போதும். கண்ணை விரிக்காமல், கேலியும் செய்யாமல், “ஓ, சரி” என்று வேறு வேலைக்குத் திரும்புங்கள். இதன் மறுபாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அவர் சாதாரணமான, சலிப்பூட்டுகிற, உண்மையான ஒன்றைச் சொல்லும்போது முழுக் கவனத்தோடு கேட்க வேண்டும். கதைக்குக் கிடைத்த கவனம் உண்மைக்குக் கிடைக்காவிட்டால் அவர் ஏன் மாற வேண்டும்?

சில கதைகளை விட்டுவிட முடியாது. பேசித்தான் ஆக வேண்டும். அப்போது தனியறை, ஒரே ஒரு சம்பவம், கையில் ஒரே ஒரு ஆதாரம். “அந்தப் பெரியவரை நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களைத் திட்ட வரவில்லை. நாளைக்குள் என்னிடம் நடந்ததைச் சொன்னால் போதும், இதை வேறு யாரிடமும் கொண்டுபோக மாட்டேன்.” இவ்வளவுதான் பேச்சு. சொல்லிவிட்டு எழுந்து போய்விட வேண்டும். அங்கேயே பதில் வாங்க நின்றால் புதுக்கதைதான் கிடைக்கும். தப்பிக்க ஓர் இரவு கொடுத்தால் உண்மை வர வழி இருக்கிறது. கொடுத்த வாக்கை நீங்கள் காப்பாற்ற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே காப்பாற்ற முடிந்த வாக்கை மட்டும் கொடுங்கள்.

“ஏன் பொய் சொன்னாய்?” என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்பதும் ஒரு ‘அப்புறம்?’தான், அதற்கும் ஒரு கதை தயாராகிவிடும். பத்துப் பேர் நடுவில் உடைக்காதீர்கள். மானம் போகிற இடத்தில் மனிதர் கதையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பத்து ஆண்டுப் பொய்களை ஒரே மூச்சில் அடுக்காதீர்கள். அதில் ஒன்று தவறாக இருந்தால் மற்றவையும் அதோடு போகும். எல்லாவற்றையும்விட மோசமானது சத்தியம் வாங்குவது. சத்தியம் செய்யச் சொன்னால் செய்துவிடுவார். பிறகு பழைய பொய்யோடு சத்தியத்தை மீறிய குற்றமும் சேர்ந்து, திரும்பி வரும் வழியை அடைத்துவிடும். அன்பில்தான் பலரும் இதைச் செய்கிறார்கள். செய்யாதீர்கள்.

இத்தனை விதிக்கும் விலக்கு ஒன்று உண்டு, அதில் தயங்கவே கூடாது. சாக வேண்டும் போலிருக்கிறது என்றோ, யாரோ தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றோ அவர் சொன்னால், அது நூற்றோராவது கதையாக இருக்கலாம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். முதலில் உண்மை என்றே எடுத்துக்கொண்டு பாதுகாப்பைப் பாருங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவ உதவிக்குப் போங்கள். பொய்யாக இருந்தால் உங்களுக்கு ஒரு நாள் நட்டம். உண்மையாக இருந்து நீங்கள் நம்பாமல் போனால் அதை ஈடுசெய்ய முடியாது. கதை கட்டுகிறவருக்கும் உண்மையான ஆபத்து வரும். அவரை யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தே அவரைக் குறிவைப்பவர்களும் உண்டு.

சிகிச்சைக்கு வருவோம். பொய்யை நிறுத்தும் மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைபாடு, போதைப் பழக்கம் போன்றவற்றுக்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. அவை தணிந்தால் கதைகளும் குறையக் கூடும். மற்றபடி வழி பேச்சு சிகிச்சைதான், அது மாதக்கணக்கில் ஆகும். சிகிச்சையாளரிடமும் அவர் கதை சொல்வார் என்பதை எதிர்பார்த்தே போங்கள். அதனால்தான் முதல் சந்திப்பிலேயே, அவர் சம்மதத்தோடு, குடும்பத்தில் ஒருவரும் மருத்துவரிடம் பேச வேண்டும். போகும்போது குறிப்பேட்டிலிருந்து ஐந்தாறு சம்பவங்களை ஒரே பக்கத்தில் தேதியோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த வயதில் தொடங்கியது, தலையில் அடிபட்டதுண்டா, வலிப்பு உண்டா, தூக்கம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, கதையால் வேலையோ உறவோ போனதுண்டா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். “வாயைத் திறந்தால் பொய்” என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மூளைப் படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், பழக்கமாகப் பொய் சொல்லும் 12 பேரின் மூளை முன்பகுதியில், நரம்பு இழைகள் நிறைந்த வெண்பொருள், ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட மற்ற குழுவினரைவிட 22 முதல் 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. 12 பேரை வைத்து நடந்த ஆய்வு அது. ஒருவரைப் படம் பிடித்து இவர் இப்படிப்பட்டவர் என்று சொல்லும் கருவியாக அது ஆகவில்லை.

தனக்கே இந்தப் பழக்கம் இருப்பதாக உணர்ந்து இதைப் படிப்பவரும் இருப்பார். 2020 ஆய்வில் தங்களை அப்படி அடையாளம் கண்டவர்கள், மற்றவர்களைவிட அதிக மனவேதனையையும் தெரிவித்தார்கள். ரசித்துச் செய்கிற காரியமல்ல இது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது: பெரிய பொய்களிலிருந்து தொடங்காதீர்கள், அவற்றுக்குப் பின்னால் வேலையும் திருமணமும் கட்டப்பட்டிருக்கும், சிகிச்சையாளரின் துணை வேண்டும். ஒன்றுமில்லாத சின்னப் பொய்யிலிருந்து தொடங்குங்கள். யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு முழுதாக இழுத்து விடுங்கள். கதை வாயிலிருந்து கிளம்புவது அந்த முதல் நொடியில்தான். அதையும் மீறி வந்துவிட்டால், ஐந்து நிமிடத்துக்குள் திருத்துங்கள். “நான் சொன்னது சரியில்லை, நடந்தது இது” என்ற ஒரே வாக்கியம் போதும், விளக்கமும் மன்னிப்புப் படலமும் வேண்டாம். விளக்கம் நீண்டால் அதுவும் கயிறாகிவிடும். முதல் நான்கைந்து திருத்தங்கள் நெருப்பாய்ச் சுடும். ஒரு நாள் கழிந்தால் திருத்துவது பத்து மடங்கு கடினம், ஏனென்றால் அதற்குள் கேட்டவர் இன்னொருவரிடம் சொல்லியிருப்பார். இரவில் அன்றைய எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். சுழியம் ஆக வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். எட்டு ஆறாவதுதான் முதல் மாதத்து வேலை.

கேட்பவர் பக்கமும் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். அந்தத் திருத்தம் இப்படித்தான் வரும், தரையைப் பார்த்தபடி, சின்னக் குரலில்: “பஸ்ஸில் பெரியவர் மயங்கியது உண்மை. தண்ணீர் தெளித்தது வேறொருவர். நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.” அப்போது ‘இதை அப்போதே சொல்லியிருக்கலாமே’ என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்காதீர்கள். “சரி. உங்களுக்கும் பயமாக இருந்திருக்கும். பஸ் மறுபடி எப்போது கிளம்பியது?” என்று கேளுங்கள். அவர் யோசித்து, “பத்து நிமிடம் ஆகியிருக்கும்” என்பார்.